தின்னாத மாட்டின் பால்

தை 28, திங்கள்

என் பெயர் நஞ்சப்பன். வயது எழுபத்து நான்கு. மழைக்காலம் முழுவதும் சத்துணவுக் கூடத்து மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றேன். மேலே உள்ள வரிகள் என் கையால் எழுதியவை. எழுதிவிட்டு மறுபடி வாசித்துப் பார்த்தேன். நான் நினைத்ததே அதில் இருந்தது. ஒன்றும் எங்கும் ஓடிப்போகவில்லை. சந்தோஷத்தில் இரண்டு முறை வாசித்தேன்.

வீட்டில் நானும் மருமகள் தமயந்தியும்தான். மகன் லாரியில் வடக்கே போயிருக்கிறான். எங்களிடம் ஒரே ஒரு கறவை மாடு. நெற்றியில் வெள்ளை இருப்பதால் பெயர் சுட்டி. தமயந்தி கன்றிலிருந்து வளர்த்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. சுட்டி இல்லாவிட்டால் இந்த வீட்டில் அவள் யாருடன் பேசுவாள் என்று தெரியவில்லை.

சுட்டி இப்போது நிறைசினை. தமயந்தி தீவனம் வைத்துவிட்டு மஞ்சள் காட்டு வேலைக்குப் போன பிறகு, நானும் ஒரு வாளி வைக்கிறேன். அரைத்த மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, மிஞ்சிய சோறு. அவளுக்குத் தெரியாது. வாயில்லா ஜீவன், வயிற்றில் பிள்ளையோடு நம் கையைப் பார்க்கிறது. எப்படி இல்லை என்பது? விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. வால் முளைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கொழுப்பு மேடு தட்டிவிட்டது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தை 30, புதன்

இன்று பேருந்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை அது நிற்பதற்கு முன்பே வாசித்துவிட்டேன். ஏறுவதற்கு வேலை இல்லை. சும்மா வாசித்தேன்.

மாசி 2, வெள்ளி

நேற்று சுட்டி கன்று போட்டது. கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளை இல்லை. நஞ்சுக்கொடி மட்டும் உடனே விழவில்லை, இன்று மதியம்தான் விழுந்தது.

எங்கள் ஊர் வழக்கப்படி அதைப் பழஞ்சாக்கில் போட்டுக் கட்டி, குளக்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டேன். பால் உள்ள மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது. அங்கே ஏற்கெனவே ஊராருடைய சாக்குகள் நிறையத் தொங்குகின்றன. சில காய்ந்து சருகாகிவிட்டன. காற்றே இல்லை. மற்ற சாக்குகள் அசையாமல் இருந்தன. எங்கள் சாக்கு மட்டும் மெதுவாகச் சுற்றியது, ஒரு பக்கமாக, நிற்காமல். கயிற்றின் முறுக்கு அவிழ்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முறுக்கு அவிழ்ந்தால் மறுபக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. வந்துவிட்டேன்.

மாசி 4, ஞாயிறு

சுட்டி தீவனத்தில் வாய் வைக்கவில்லை. சோளத்தட்டில் இரண்டொரு இலையைக் கடித்துவிட்டு விட்டது. ஆனால் பால்! மடி தரையைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. கறக்கக் கறக்க வந்துகொண்டே இருந்தது. குடம் நிறைந்த பிறகும் மடி இளகவில்லை. என் கை ஓய்ந்துதான் எழுந்தேன்.

தமயந்தி கேட்டாள், “ஏனுங் மாமா, தின்னாம எப்பிடிங் இத்தனை பாலு?”

“ஆலமரத்துச் சாக்கு வேலை செய்யுது அம்மிணி” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

மாசி 5, திங்கள்

மாடு கட்டுகிற கட்டுத்தரையில் ஏதோ வாசம். அழுகப் போகிற அன்னாசிப் பழம் மாதிரி இனிப்பாக இருக்கிறது. பழம் எங்கும் இல்லை. தமயந்தி, இது நகத்துக்குப் பூசுகிற பாலீஷ் வாசம் என்கிறாள். அதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

சுட்டியின் மூக்கருகே குனிந்தேன். அங்கிருந்துதான் வருகிறது.

மாசி 6, செவ்வாய்

பக்கத்து வீட்டு மாரக்காள் மோர் கேட்டு வந்தவள், கட்டுத்தரை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நஞ்சப்பண்ணா, இதென்ன சந்தன வாசம் மாதிரி? பூசை போட்டீங்களா?”

“இல்லைங் அம்மிணி. மாடு மூச்சு விடுது.”

“தாழியில வெச்சது வெச்ச மாதிரியே கெடக்குது. எப்பத் தின்னுது?”

“தின்னறதில்லைங்.”

“பாலு?”

குடத்தைக் காட்டினேன். மாரக்காள் வாயாடி. என்னைப் பார்த்தால் ‘புது வாத்தியாரே, இன்னிக்கு எத்தனை எழுத்துத் தின்னீங்க’ என்று கேலி பேசாமல் போகமாட்டாள். இன்றோ, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு கும்பிட்டாள்.

மாலைக்குள் தெருவே வந்துவிட்டது.

மாசி 8, வியாழன்

இன்று என் வாழ்நாளில் மறக்க முடியாத நாள். பலகை ஒன்று எழுதினேன். கோயில் கமிட்டிக்காரர் பொங்கியண்ணன் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்து கொடுத்தார். ‘தின்னாமல் பால் தரும் அன்னபூரணி. செருப்பைக் கழற்றி வைக்கவும்.’ எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது. வேலியில் கட்டினோம்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி உதடு அசைய வாசித்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் எழுதியதற்காக ஒரு மனிதர் செருப்பைக் கழற்றினார்!

தமயந்தி பலகையைப் பார்த்தாள். “அவ பேரு சுட்டிங் மாமா” என்றாள்.

மாசி 10, சனி

கூட்டம் அதிகம். எல்லாரும் சொம்புடன் வருகிறார்கள். ஆளுக்கொரு கரண்டிதான். சொஸைட்டிக்குப் பால் ஊற்றுவதில்லை.

பொங்கியண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை மாகாளியம்மனுக்கு அபிஷேகம். அன்னிக்குக் காலைப்பால் மொத்தமும் அம்மனுக்கு. ஒரு சொட்டு எச்சம் மடியில நிக்கக் கூடாது. சம்மதந்தானுங்களே?”

“நம்ம பாக்கியமுங்க.”

“இன்னொண்ணு. நோம்பிப் பத்திரிகைய இந்த வருசம் மைக்குல நீங்கதான் வாசிக்கோணும். இந்த வயசுல படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் ஊருல.”

என் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. திருவிழாப் பத்திரிகையை வாங்கி வந்து பாயில் விரித்து வாசித்துக்கொண்டே இருக்கிறேன். ‘நிகழும் மங்களகரமான’ என்பதில் முதலில் நாக்கு புரண்டது. இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது.

தமயந்தி டாக்டரைக் கூப்பிடலாம் என்றாள். பொங்கியண்ணனுக்கு அது பிடிக்காது. சாமி ஏறின மாட்டுக்கு ஊசி போடலாமா என்று கேட்டார். வெள்ளி கழியட்டும் என்று நானும் சொன்னேன்.

மாசி 12, திங்கள்

சுட்டி சரியாக இல்லை. எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் அது கட்டுத்தரையின் இரும்புக் குழாயை நக்கிக்கொண்டிருந்தது. குழாய் துரு போய்ப் பளபளவென்று இருக்கிறது. நாக்கில் ரத்தம். நிறுத்தவில்லை. பிறகு வெறும் வாயை மென்றது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் எதையோ நன்றாக அரைப்பது போல மென்றது. எச்சில் நூலாகத் தரை வரை இறங்கியது.

மதியம் சுவருக்குப் போய் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. முட்டவில்லை. அழுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டு, அதற்குள் புகுந்து போக வேண்டும் என்பது போல. நெற்றியின் வெள்ளை தோல் உரிந்து சிவந்துவிட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு பெண், “அம்மனோட பேசுது” என்றாள்.

கயிற்றைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன். என்னைப் பார்த்தது. என் முகத்தைத் தாண்டி எனக்குப் பின்னால் நிற்கும் எதையோ பார்த்தது. திரும்பிப் பார்த்தேன். தாழிதான் இருந்தது.

கண்ணின் வெள்ளை இப்போது மஞ்சளாக இருக்கிறது. முதுகெலும்பு வரிசையாகத் தெரிகிறது. போன மாதம் அந்த முதுகில் ஒரு தட்டு வைத்தால் ஆடாமல் நிற்கும். இத்தனை சதை எங்கே போயிற்று? யாரும் வெட்டி எடுக்கவில்லை.

பால் குறையவே இல்லை.

மாசி 13, செவ்வாய்

கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. இனி நோம்பி முடியும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் கறி, மீன் வேகாது. வேகவைத்தால் ஊருக்கே ஆகாது.

மாசி 14, புதன்

தமயந்தி என்னிடம் சொல்லாமல் கால்நடை டாக்டரை வரவழைத்துவிட்டாள். சின்ன வயதுப் பெண். பெயர் ஜெசிந்தா. வேலியில் இருந்த பலகையை வாசித்தார். செருப்பைக் கழற்றாமல் ரப்பர் பூட்ஸுடன் உள்ளே வந்தார்.

மாட்டின் மூச்சை முகர்ந்தார். ஒரு தட்டில் வெள்ளைப் பொடி கொட்டி அதில் இரண்டு சொட்டுப் பால் விட்டார். வெள்ளைப் பால், வெள்ளைப் பொடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்திரிப்பூ நிறமாக மாறியது. மாரக்காள், “தாயே, நெறங் காட்டறா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, சித்த நேரம் எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார் டாக்டர்.

அவர்கள் போன பிறகு எங்கள் இருவரிடமும் சொன்னார். நான் கவனமாகக் கேட்டேன். புரிந்தவரை எழுதுகிறேன்.

கன்று போட்டதும் பாலுக்கு நிறையச் சத்து வேண்டும். மாடு தின்னவில்லை என்றால் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து எடுக்கும். கரைந்த கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து அதை வெளியே ஏற்றிப் போக வண்டி வேண்டும். அந்த வண்டியைக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்துச் செய்தது. சுட்டிக்கு அந்தத் துண்டுகள் போதவில்லை. வண்டி இல்லாமல் கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கிவிட்டது. அரைகுறையாக எரிந்த கொழுப்பின் வாசம்தான் மூச்சில் வருகிறது. அதுதான் மூளைக்கும் ஏறி, குழாயை நக்க வைக்கிறது, சுவரை அழுத்த வைக்கிறது.

“அப்பப் பாலு எங்கிருந்துங் வருது?” என்று தமயந்தி கேட்டாள்.

“அவ முதுகிலிருந்து, தொடையிலிருந்து. சதையைக் கரைச்சு அந்த அமினோ அமிலத்தை எடுக்குது உடம்பு. அதையும் மடி முதல்ல வாங்கிக்கும். மிச்சம் இருந்தாத்தான் கல்லீரலுக்கு. இவ தின்னாம இல்லைங்க. தன்னையே தின்னுட்டு இருக்கா.”

வாசலில் சொம்புகளுடன் நின்றவர்களைப் பார்த்தேன். காலையில் நான் குடித்த காப்பி நினைவுக்கு வந்தது.

டாக்டர் கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். வாயில் ஊற்ற இனிப்பான மருந்து ஒன்றும், கல்லீரலுக்கு ஒரு மருந்தும் கொடுத்தார். சோயாப் புண்ணாக்கைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார்.

“எல்லாத்தையும் விட முக்கியம், பாலை ஒட்டக் கறக்கக் கூடாது. மடி வலிக்காத அளவுக்குக் கொஞ்சம் எடுங்க, போதும். பால் குறைஞ்சாத்தான் உடம்பு மீளும். இன்னும் ஒரு வாட்டி முழுசாக் கறந்தீங்கன்னா படுத்துடுவா. படுத்தா எழுப்ப முடியாது.”

போகும்போது கேட்டார், “சினையில நிறையக் கொழுக்க வெச்சிருக்கீங்க. அதான் இவ்வளவு மோசம். அடர்தீவனம் எச்சாக் குடுத்தீங்களா?”

“அளவாத்தானுங் வெச்சேன். எப்பவும் வெக்கறதுதான்” என்றாள் தமயந்தி.

நான் அப்போது கன்றுக்குட்டியின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

‘அமினோ அமிலம்’ என்று சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். வாய்க்கு இனிப்பான சொல்லாகத்தான் இருக்கிறது.

மாசி 15, வியாழன்

பொங்கியண்ணனிடம் தமயந்தி நேரே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கறக்க முடியாது, மாடு செத்துப்போகும் என்று. அவர், “அம்மனுக்குக் குடுத்து எந்த மாடும் சாகாது. நேந்து குடுத்த வார்த்தையை உங்க மாமன் மாத்தமாட்டாரு. நாளைக்கு நாங்களே வந்து நின்னு கறக்கறோம்” என்று அனுப்பிவிட்டாராம்.

வந்தவள் சுட்டியின் கழுத்தில் கையைப் போட்டு நின்றாள். அழவில்லை. “மாமா, நீங்க சொன்னா அவிக கேப்பாங்க” என்றாள்.

பத்திரிகை மடியில் இருந்தது. அதை எடுத்து மறுபடி ஒரு முறை வாசித்தேன்.

மாசி 16, வெள்ளி

மெதுவாக எழுதுகிறேன்.

விடிந்ததும் மேளத்துடன் வந்தார்கள். கட்டுத்தரை நிறைந்து வேலிக்கு வெளியேயும் ஆட்கள். பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். தமயந்தி சுட்டியின் முன்னால் கையை விரித்து நின்றாள்.

“அக்கட்டால போ அம்மிணி” என்றார் பொங்கியண்ணன். “ஊருக் காரியம் இது.”

“எம் மாடுங் இது.”

“இப்ப அம்மனோட மாடு.”

இரண்டு பெண்கள் தமயந்தியின் கையைப் பிடித்தார்கள். ஒரு ஆள் குடத்துடன் மடிக்குப் பக்கத்தில் குந்தப் போனான். அவன் கறந்தால் ஒட்டக் கறந்துவிடுவான்.

“என் கைக்குத்தான் பழக்கம். நான் கறக்கறேன்” என்றேன்.

விலகினார்கள். தமயந்தி என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

குந்தினேன். முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி, தோளை அகட்டி, மடியை மறைத்து உட்கார்ந்தேன். குடத்தை முழங்காலுக்கு நடுவில் வைத்தேன். காம்பைப் பிடித்தேன். பிடித்தேனே தவிர அழுத்தவில்லை. கறக்கிறவனைப் போலத் தோளை மட்டும் ஏற்றி இறக்கினேன். குடத்தில் சத்தம் வரவில்லை.

மேளம் நின்றது.

“ஏனுங், பாலு உழுவுலியா?” என்றார் பொங்கியண்ணன்.

“இல்லைங்.”

அப்போதுதான் அது நடந்தது. நான் அழுத்தாமலேயே பால் வந்தது. நான்கு காம்பிலும், தானாக, சூடாக. அவ்வளவு மெலிந்த உடம்பில், நிற்க முடியாமல் நடுங்குகிற கால்களுடன் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே அது கொடுத்தது. குடத்தைத் தொடையால் தள்ளிவிட்டு வேட்டியை மடித்துக் காம்புக்குக் கீழே வைத்தேன். பால் வேட்டியில் இறங்கி, தொடையில் ஓடி, முழங்காலில் வடிந்தது. அந்த இனிப்பு வாசம் முகத்தில் அறைந்தது. சுட்டி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. இந்த முறை எனக்குப் பின்னால் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.

“நேத்து வரைக்கும் கொட்டுச்சே! எப்பிடி நிக்கும்?” மாரக்காளின் குரல்.

பால் இல்லை என்றால் அவர்கள் நம்பமாட்டார்கள். வேறொருவன் வந்து குந்துவான். அம்மன் போய்விட்டாள் என்றால்தான் போவார்கள். அம்மன் போக வேண்டும் என்றால் காரணம் வேண்டும்.

“தப்பு எம் பேர்லதானுங்” என்றேன். திரும்பவில்லை. “காப்புக் கட்டின பொறவு நான் கோழிக்கறி தின்னுபோட்டேன். அந்தக் கையிலதான் கறந்தேன். நேத்தே நின்னுபோச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

ஒரு கிழவர், “அட நாசமாப் போறவனே” என்றார்.

“கட்டின காப்பு ஊருக்கே முறிஞ்சுபோச்சே!”

“படிச்சதும் கொழுப்பு ஏறிப்போச்சு.”

யாரோ மண்ணை வாரி என் முதுகில் எறிந்தார்கள். பொங்கியண்ணன் கிட்டே வரவில்லை. தீட்டு அல்லவா, தூரத்திலிருந்தே பேசினார். “கோயில் வாசப்படி மிதிக்காதீங்க. உங்களுக்குத் துண்ணூறு கெடையாது. மைக்குக்குப் பக்கமே வரப்படாது.”

“செரிங்” என்றேன்.

குடத்தைக்கூட எடுக்காமல் போனார்கள். போகிற வழியில் யாரோ பலகையைப் பிடுங்கி உடைத்த சத்தம் கேட்டது. கடைசி ஆள் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. வேட்டி நனைந்து கனத்தது.

மாசி 17, சனி

தமயந்தி மருந்து புகட்டிக்கொண்டே கேட்டாள். “ஏனுங் மாமா, கோழிக்கறி எங்கீங் தின்னீங்க? உங்களுக்குத்தான் பல்லே இல்லியே?”

“ஈறுலயே மென்னுபோட்டேன்.”

சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது. பிறகு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாலையில் ஒலிபெருக்கியில் யாரோ பத்திரிகை வாசித்தான். கதவைச் சாத்திவிட்டேன். டாக்டர் வந்து மறுபடி குளுக்கோஸ் ஏற்றினார். இன்றும் சுட்டி தின்னவில்லை. ஆனால் படுக்கவும் இல்லை.

வேட்டியை மூன்று முறை அலசினேன். வாசம் போகவில்லை.

மாசி 19, திங்கள்

பால் பாதியாகக் குறைந்தது. மூச்சில் இனிப்பு குறைந்தது. குழாயை நக்கவில்லை.

கடைத்தெருவில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் தராமல் பலகையில் வைத்தார். எடுத்துக் குடித்தேன். கடைப் பெயரை வாசித்துவிட்டு வந்தேன். வாசிப்பதை யாரும் தடுக்க முடியாது.

மாசி 21, புதன்

விடியற்காலையில் கதவைத் திறந்தபோது வாசலுக்கு வெளியே சொம்புகள் இருந்தன. பித்தளை, எவர்சில்வர், ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. தீட்டுக்குப் பயந்து வேலிக்கு அந்தப் பக்கமே வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றின் வாயும் எங்கள் கட்டுத்தரையைப் பார்த்துத் திறந்திருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லார் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. கதவுகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது உள்ளே ஒரு சத்தம். தமயந்தி, “மாமா, மாமா” என்று கூப்பிட்டாள். ஓடினேன்.

சுட்டி தாழிக்குள் முகத்தை விட்டிருந்தது. ஒரு சோளத்தட்டை நாக்கால் சுற்றி இழுத்தது. கடித்தது. நறுக்கென்று முறிந்தது. மென்றது. இந்த முறை வாய்க்குள் தீனி இருந்தது. பிறகு இன்னொரு தட்டு.

“தின்னு சாமி, தின்னு” என்று தமயந்தி அதன் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் வாசலுக்குப் போய், சாத்திய கதவுகள் எல்லாம் பார்க்கும்படி, ஒவ்வொரு சொம்பாக எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். பிறகு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இன்னும் மென்றுகொண்டிருக்கிறது. இங்கிருந்தே கேட்கிறது.